நடுவில் வந்த பந்து

போன மாதம் எங்கள் ஊரில் புதிய உள்ளரங்கு ஒன்றைத் திறந்தார்கள். பழைய விளையாட்டு ஆசிரியை என்று என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் கதிரை போட்டுத் தந்தார்கள். பச்சை விரிப்புப் போட்ட தரை, காற்றுப் புகாத சுவர், பகலிலும் எரிகிற விளக்குகள். பிள்ளைகள் பட்மின்டன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி முடித்து வந்த ஒருத்தி எனக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து சப்பாத்துக் கழற்றினாள்.

"ரீச்சர், உங்கட காலத்தில இப்பிடி மண்டபம் இருந்ததோ?"

"இருந்தது. இதைவிட நீளம். ஆனால் அறுவடை வந்தால் எங்களை ஒதுக்கிப்போடுவினம்."

அவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் சொன்னது சத்தியம். நாங்கள் விளையாடியது அரசாங்கத்தின் நெல் களஞ்சியத்தில். அதைச் சொல்லப்போனால் சதோக்கோ அக்காவைச் சொல்ல வேண்டும், மாமியைச் சொல்ல வேண்டும். அரங்கில் வைத்துச் சொல்லி முடிகிற கதை அல்ல என்று வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் மலர். அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலை நட்டு அலுத்துப்போய், குளத்துத் தண்ணீரை நம்பி உருத்திரபுரத்தில் காணி எடுத்தவர். என்னை உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்புக்கு அனுப்பியதும் அவர்தான். அது என்ன படிப்பு என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் ஓடினோம், மாலையில் ஓடினோம், இடையில் எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கினோம். அங்கேதான் முதன்முதல் பட்மின்டன் மட்டையைப் பிடித்தேன். பிடித்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் வேலை கிடைத்தது. எங்கள் பெரிய வாத்தியார் ஒரு விசித்திரமான மனிதர். கோபிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். யார் எதைக் கேட்டுப் போனாலும் முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "இன்னும் சுருக்கிச் சொல்லுங்கோ" என்பார். சுருக்கிச் சொன்னால், "இன்னும் கொஞ்சம்" என்பார். பாதிப் பேர் சுருக்கிச் சுருக்கி, கேட்க வந்தது தேவையே இல்லை என்று தாங்களாகவே திரும்பிப் போய்விடுவார்கள். அதுதான் அவருடைய நிர்வாகம்.

நான் போய், வன்னியில் சோளகக் காற்று எப்படி அடிக்கும், இறகுப் பந்து எவ்வளவு பாரமில்லாதது, றோட்டோரத் திடலில் பெண்பிள்ளைகள் துள்ளி விளையாடினால் பஸ்சில் போகிறவர்கள் எப்படித் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன்.

"இன்னும் சுருக்கிச் சொல்லுங்கோ."

"வெளியில வைச்சுப் பட்மின்டன் விளையாட ஏலாமல் கிடக்கு, சேர்."

"இன்னும் கொஞ்சம்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கூரை வேணும், சேர்."

அவர் எழுந்து, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பின்னேரம் திரும்பி வந்து, நெல் களஞ்சியத்தில் நெல் இல்லாத நாட்களில் விளையாடலாம் என்று அனுமதி வாங்கி வந்திருப்பதாகச் சொன்னார். எப்படி வாங்கினார் என்று கேட்டேன். "சுருக்கிக் கேட்டனான்" என்றார்.

களஞ்சியத்துக் காவலாளி மீரான் நானா, முல்லைத்தீவுப் பக்கத்தவர். அவருக்கு இரண்டு சட்டம் இருந்தது. நெல் சிந்துகிற இடம், ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எலி பிடிக்கிற சாரைப்பாம்பு குறுக்கே போனால் அடிக்கக் கூடாது, அது போகும்வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நாங்கள் நெல்மணி காலில் உருளாமல் தரையைக் கூட்டி, கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் கோடு போட்டோம். மூட்டைக்கு ஈரம் ஆகாது என்று தண்ணீர் தெளிக்க விடமாட்டார். வலை, அவருடைய மச்சான் மீன்வலையில் வெட்டிக் கட்டித் தந்தது. முதல் மழைக்காலம் முழுவதும் அதில் மீன் மணந்தது. நெல்லுச் சுணை பட்டுக் கையெல்லாம் கடிக்கும். ஆனாலும் காற்றில்லாத ஒரு கூரைக்குக் கீழே பந்து நேராகப் போய் நேராக வந்ததைப் பார்த்த அன்று நான் துள்ளிக் குதித்தேன்.

பந்தைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய நைலோன் பந்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அன்றைய பந்து வாத்துச் செட்டையில் செய்தது. வன்னி வெயிலுக்குச் செட்டை காய்ந்து, இரண்டு அடிக்கு முறிந்துவிடும். அதனால் விளையாடுவதற்கு முந்திய நாள் ஆவி பிடிக்க வேண்டும். பானையில் தண்ணீர் கொதிக்கும்போது பந்தின் செட்டைப் பக்கத்தை மட்டும் ஆவிக்குக் காட்டி, உடனே எடுத்து நிழலில் வைக்க வேண்டும். கூடினால் செட்டை சோர்ந்துவிடும், குறைந்தால் பலனில்லை. நான் அதை அம்மாவின் புட்டுப் பானையில் செய்தேன். எங்கள் வீடு சைவச் சாப்பாட்டு வீடு. அம்மா கண்டதும் குசினியே அதிர்ந்தது.

"புட்டவிக்கிற பானையில கோழிச் செட்டையோ!"

"கோழியில்லையம்மா, வாத்து."

வாத்து என்றதும் கோபம் இன்னும் கூடிவிட்டது. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு பழைய பானையும் கொல்லையில் மூன்று கல்லும் தந்தார்.

சதோக்கோ அக்கா வந்தது ஒரு மாசி மாதக் கடைசியில். அரசாங்கப் பண்ணைக்கு நெல் நடுகையைப் பார்க்க யப்பானில் இருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். அவருடைய மனைவிதான் சதோக்கோ அக்கா. கணவர் களஞ்சியத்தில் விதைநெல் பார்க்க வந்தபோது கூட வந்தார். வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக, முனை வெளியே பார்க்க வைத்தார். மீரான் நானாவுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. பிறகு வலையைக் கண்டார். கண்டவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

கணவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கும் கொஞ்சம். அப்படித்தான் விஷயம் தெரிந்தது. சதோக்கோ அக்கா தன் ஊரில் நூல் ஆலை ஒன்றில் வேலை செய்தவர். ஆலைக்கென்று ஒரு பெண்கள் பட்மின்டன் அணி இருந்தது. வேலை முடிந்த பிறகு ஆலை மண்டபத்தில் பழகி, மாகாணம் முழுவதும் போய் விளையாடியிருக்கிறார். நாட்டு அணிக்கு எடுப்பார்கள் என்று பேச்சு வந்த வருடம் கலியாணம் பேசி முடித்தார்கள். அங்கே வழக்கம், கலியாணம் ஆனால் ஆலையையும் விட வேண்டும், அணியையும் விட வேண்டும். பூச்செண்டு கொடுத்து, கைதட்டி, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. எனக்கும் கலியாணம் பேசியிருந்தார்கள். ஆவணியில் நாள் வைத்திருந்தது. மாப்பிள்ளை தபால் கந்தோரில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, கிணற்றடியில் எல்லோரும் பார்க்கத் தக்க தூரத்தில் நின்று நான் அவரிடம் நேரே கேட்டேன்.

"கலியாணத்துக்குப் பிறகு நான் விளையாடலாமோ? இது என்ர வேலையும்தான்."

"எனக்கு ஒண்டுமில்லை," என்றார். "அம்மாவைத்தான் கேக்க வேணும்."

கழுவுற மீனில் நழுவுற மீன். அந்த மனிதரோடு பிறகு நல்லபடியாகத்தான் வாழ்ந்தேன், ஆனால் அன்று அந்த மட்டையாலேயே ஒன்று போடலாம் போல இருந்தது. அவருடைய தாயார், எனக்கு மாமி, புளியங்குளத்தில் இருந்தார். கணவன் இறந்த பிறகு வயலைத் தானே செய்து, மாட்டையும் ஆளையும் தானே ஏவி, பிள்ளையைப் படிப்பித்தவர். அவர் தரகரிடம் ஒரு வசனம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்: "உந்த விளையாட்டை நான் ஒருக்காக் கண்ணால பாக்க வேணும். பாத்திட்டுச் சொல்லுறன்."

பார்த்துவிட்டு என்ன சொல்லுவார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஏற்கனவே கதை இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை மாதிரித் துள்ளுகிறாள், முழங்கால் தெரியப் பாவாடை கட்டுகிறாள் என்று. முழங்கால் தெரியாது. நான்கு விரல் கீழேதான் தைத்திருந்தேன். அப்பா நல்லவர், ஆனால் ஒன்றில் முடிவாக இருந்தார்.

"பிள்ளை, ஒரு மட்டைக்காக நல்ல இடத்தை விட ஏலாது. அவா வேண்டாமெண்டால் நீ விடத்தான் வேணும்."

மட்டையை விட்டால் வேலையும் போகும். மற்றப் பிள்ளைகளைத் துள்ளச் சொல்லிவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு விசில் ஊதுகிறவளாக என்னால் இருக்க முடியாது. ஆகவே அந்த வருடம் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: மாமி என்ன சொல்லுவார்?

சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான இரட்டையர் போட்டி வைத்தார்கள். சதோக்கோ அக்காவும் நானும் சேர்ந்து விளையாடுவது என்று முடிவு செய்தோம். பெரிய வாத்தியாரிடம் அனுமதிக்குப் போனபோது நான் அனுபவசாலி.

"போகட்டோ, சேர்?"

"போங்கோ" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "வெண்டு வாங்கோ" என்றும் சேர்த்தார். யாரும் கேட்காமல் அவர் சொன்ன சொல் எனக்குத் தெரிய அது ஒன்றுதான்.

ஆனால் அதே வாரம் காலபோக அறுவடை நெல் வரத் தொடங்கிவிட்டது. லொறி லொறியாக மூட்டை இறங்கியது. மீரான் நானா எங்களைக் கலைத்துவிடவில்லை. ஒவ்வொரு லொறி வரும்போதும் கேட்பார்.

"ரீச்சர், இண்டைக்கு ரெண்டு லொறி. வலது பக்கம் அடுக்கவோ, இடது பக்கம் அடுக்கவோ?"

இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கிக்கொண்டு வந்ததில், எங்கள் ஆடுகளம் வரவர ஒடுங்கி, கடைசியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் முழங்கை இடிக்கும் சந்து ஒழுங்கைபோல் ஆகிவிட்டது. சதோக்கோ அக்கா அதைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொள்ளவே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எங்கள் ஊரில் சொல்வதை நான் அவருக்கு விளக்க முயன்றேன். விளங்கியதோ தெரியாது, தலையை நன்றாக ஆட்டினார். ஒருவர் முன்னுக்கு, ஒருவர் பின்னுக்கு நின்று விளையாடினோம். வலையை ஒட்டி வருவது முன்னுக்கு நிற்பவருக்கு, அவரைத் தாண்டிப் போவது பின்னுக்கு நிற்பவருக்கு. கூரையின் கைமரங்கள் தாழ்ந்து பதிவாக இருந்ததால் உயர்த்தி அடிக்க முடியாது. எல்லாம் தோள் மட்டத்தில், விசையாக, வலையை உரசிக்கொண்டு போகும் அடிகள். எங்களுக்கு எதிராக விளையாட வந்த தாதிமார் இரண்டு பேர், "இது விளையாட்டில்லை, கல்லெறி" என்று சொல்லிக்கொண்டே விளையாடினார்கள்.

பேச்சுக்கு அதிகம் தேவைப்படவில்லை. பந்துக்கு ஆவி பிடிப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு நாள் எங்கள் கொல்லைக்கு வந்து என் பானைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நான் செய்வதைப் போலவே தானும் செய்தார். தவறு விட்டால் குனிந்து வணங்குவது அவர் வழக்கம். பந்து வலையில் பட்டால் எனக்கு ஒரு வணக்கம். நான் விட்டால், பதிலுக்கு நானும் வணங்க வேண்டும் போல இருக்கும். கொஞ்ச நாளில் மீரான் நானாவும் மூட்டை சரிந்தால் எங்களைப் பார்த்துக் குனிந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகும். சதோக்கோ அக்கா எனக்கு மூத்தவர், என்னைவிடக் கெட்டிக்காரி, அந்நிய ஊரில் தனியே இருக்கிறவர். அவர்மேல் எனக்கு அப்படியொரு மரியாதையும் பிரியமும் வந்துவிட்டது. அந்த மரியாதைதான் பிறகு வினையாக வந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அப்பாவும் வந்தார். போட்டி ஒரு பெரிய மண்டபத்தில். முதல் இரண்டு சுற்றுகளிலும் எங்கள் கல்லெறி நன்றாகவே வேலை செய்தது. எதிரே நின்றவர்களுக்கு மட்டையைத் தூக்க நேரம் கிடைக்கவில்லை. பின்னேரம் இறுதிச் சுற்று. அதற்குச் சற்று முன் மண்டப வாசலில் சத்தம் கேட்டது. நுழைவுச்சீட்டு எதற்கு என்று ஒரு பெண்குரல் வாதாடியது.

"என்ர மருமகள் விளையாடுறாள். நான் பாக்கிறதுக்கு உமக்கு என்னத்துக்குக் காசு?"

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மாமி உள்ளே வந்தார். வெள்ளைச் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, கையில் ஒரு பனையோலைப் பை. அப்பா எழுந்து இடம் கொடுத்தார். மாமி அவர் பக்கத்தில் இருந்து, பையை மடியில் வைத்து, என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பாவாடையில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

எதிரே நின்றவர்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்குத்தரின் மனைவி, மற்றவர் கல்லூரி ஆசிரியை. பல வருடம் சேர்ந்து விளையாடியவர்கள். இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்ல வேண்டும். முதலாவதை நாங்கள் வென்றோம். நான் மாமியை ஓரக்கண்ணால் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

இரண்டாவதில் அவர்கள் சங்கதியைப் பிடித்துவிட்டார்கள். முன்னுக்கும் பின்னுக்குமாக நின்ற எங்களை, பந்தை ஒருமுறை வலது கரைக்கும் ஒருமுறை இடது கரைக்கும் அனுப்பி ஓட வைத்தார்கள். களஞ்சியத்தில் அந்த இடங்களில் எங்களுக்கு நெல்மூட்டைதான் இருந்தது. ஒரு நாளாவது அங்கே காலை வைத்திருப்போமா? வேறு வழியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் பிரிந்து நின்றோம். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வெளி பிறந்தது. நாங்கள் சேர்ந்து விளையாடத் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத வெளி.

பந்து அந்த நடுவுக்கு வந்தது. சதோக்கோ அக்கா எடுப்பார் என்று நான் நின்றேன். நான் எடுப்பேன் என்று அவர் நின்றார். பந்து இரண்டு பேருக்கும் நடுவில், மெல்லமாக, கோழிக்குஞ்சு இறங்குவதுபோல் இறங்கித் தரையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். நான் அவரைப் பார்த்துக் குனிந்தேன். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

இதற்கு விதி உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடுவில் வருவதை இடது பக்கம் நிற்பவர் எடுக்க வேண்டும், வலக்கை நடுவுக்கு நேராக இருப்பது அவருக்குத்தான். பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டிப் படிப்பித்தவள் நான். ஆலை அணியில் விளையாடிய அவருக்கும் தெரியாமலிராது. ஆனால் நான் இடது பக்கம் நின்றபோது, மூத்தவர் இருக்க நான் எப்படிக் குறுக்கே பாய்வது என்று கை தயங்கியது. அவர் இடது பக்கம் வந்தபோது, இது மலருடைய ஊர், மலருடைய சனம், நான் விருந்தாளி என்று அவர் ஒதுங்கினார். இதை அவர் பிறகு கணவர் மூலம் எனக்குச் சொன்னார். பந்தி பரிமாறும் இடத்தில் இரண்டு பேர் நீங்கள் முதலில் இருங்கள், நீங்கள் முதலில் இருங்கள் என்று நிற்க, சோறு ஆறிப்போகிற கதைதான். எதிரே நின்றவர்கள் கெட்டிக்காரிகள். அதற்குப் பிறகு கரைக்கு அடிப்பதை விட்டுவிட்டார்கள். எல்லாம் நடுவுக்கு. இரண்டாவது ஆட்டம் போய்விட்டது.

மூன்றாவதிலும் அதே. நான்கு தரம், ஐந்து தரம். ஒவ்வொரு முறையும் அடுத்ததை நான்தான் எடுப்பது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பந்து வரும்போது பக்கத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை அசைவது தெரியும், கை நின்றுவிடும். தோற்கப் போகிறோம் என்பதைவிட, மாமி முன்னால் இப்படி மரக்கட்டையாக நின்று தோற்கப் போகிறேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி அவர் என்ன சொன்னாலும் மறுத்துச் சொல்ல எனக்கு வாயும் இருக்காது. வென்றால்தானே ஒரு சொல்லாவது சொல்லலாம். கண் எரிந்தது. வேர்வை என்று துடைத்தேன்.

மறுபடியும் ஒன்று நடுவில் விழுந்தது. மண்டபம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், புளியங்குளத்து வயலில் பன்றி கலைத்துப் பழகிய ஒரு தொண்டை எழும்பியது.

"எடி பிள்ளை! அது உன்ர! எடன்!"

மாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஓலைப்பை நிலத்தில் கிடந்தது. அப்பா அவருடைய சேலைத் தலைப்பைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தார். உயரக் கதிரையில் இருந்த நடுவர் திரும்பினார்.

"அம்மா, ஆட்டம் நடக்கேக்கை சத்தம் போடக் கூடாது."

"நான் உம்மோட கதைக்கேல்லை, தம்பி. என்ர மருமகளோட கதைக்கிறன்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. நடுவரும் சிரித்துவிட்டார். சதோக்கோ அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு அடி வலது பக்கமாகத் தள்ளி நின்று, நடுவைக் கையால் எனக்குக் காட்டினார். அடுத்த பந்து நடுவுக்கு வந்தது. நான் பாய்ந்தேன். கல்லெறியென்றால் அது கல்லெறி. எதிரே நின்ற டாக்குத்தரின் மனைவி மட்டையால் முகத்தை மறைத்தார். மாமி கையைத் தட்டவில்லை. "ஓம், அப்பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடுவில் வந்த ஒன்றையும் நாங்கள் விடவில்லை. நான் இடது பக்கம் நின்றால் எனக்கு, அவர் நின்றால் அவருக்கு. புள்ளிகள் ஏறிக்கொண்டு வந்தன. ஆனால் அதற்கு முன் விட்ட புள்ளிகள் கனக்க. எட்டிப் பிடிக்க முன் ஆட்டம் முடிந்துவிட்டது. தோற்றுப்போனோம். சதோக்கோ அக்கா வலையடிக்குப் போய் வென்றவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்தார், திரும்பி எனக்கு ஒன்று வைத்தார். பிறகு எதிர்பாராமல் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன்.

பரிசு கொடுக்கும்போது ஒலிபெருக்கியில் என்னென்னவோ சொன்னார்கள். இறுதிக்கு வந்த இரண்டு சோடியும் ஆவணியில் கொழும்புப் போட்டிக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு அது காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. ஆவணி எனக்குக் கலியாண மாதம். சின்னக் கிண்ணம் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் அப்பாவும் மாமியும் நின்ற இடத்துக்குப் போனேன். வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிற பிள்ளையின் நடை.

மாமி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு நேரே திரும்பினார்.

"அண்ணை, ஆவணியில கலியாணம் வைக்கேலாது."

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "என்ன குறை கண்டியள்? பிள்ளை இனி விளையாடமாட்டாள். நான் சொல்லுறன். இண்டையோட சரி."

"உங்களுக்குக் காது கேக்கேல்லையே? ஆவணியில கொழும்பில விளையாட்டாம். கலியாணத்தை வைகாசியில வைப்பம்."

மாமி ஓலைப்பையை எடுத்துத் தூசி தட்டினார்.

"கலியாணம் கட்டாத பிள்ளையை நீங்கள் தனியக் கொழும்புக்கு அனுப்பினால் சனம் கதைக்கும். என்ர மருமகளை நான் கூட்டிக்கொண்டு போனால் ஆர் கதைக்கிறது? கதைக்கட்டும் பாப்பம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கும்பிட்டேனா, காலில் விழப் போனேனா, இப்போது ஞாபகமில்லை. மாமி என் கன்னத்து வேர்வையைத் தன் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார்.

"அழாதை. தோத்தது தோத்ததுதான்," என்றார். "அந்தப் பிள்ளையையும் கூப்பிடு. காலமை தொடக்கம் ரெண்டு பேரும் ஒண்டும் திண்டிருக்க மாட்டியள்."

ஓலைப்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு பேருக்குக் கட்டிய சோற்றுப் பொட்டலங்கள் இருந்தன.